விழுந்தால் யார் கணக்கு? நிதியமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசிய நிதியமைச்சு அதிகாரிகளுக்கும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான கே.டபிள்யூ.ஏ.பி.யின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பட்டர்வொர்த் வட்டாரத்தில் 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் ஓய்வூதியர்களுக்கான விளக்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இந்த நிதி போட்டிருக்கும் பங்குகளில் நல்ல லாபம் வந்தால் அரசின் பென்சன் சுமை குறையும் என்றார் பேசியவர். "விழுந்தால்?" என்று கேட்டேன். "ஐயா, உங்க பென்சன் வந்துரும், கவலைப்படாதீங்க" என்று சிரித்தார். அப்புறம் தேநீர் வந்துவிட்டது.

என் பென்சன் வரும் என்பது எனக்கும் தெரியும். அதற்குச் சட்டம் இருக்கிறது. பெரும்பகுதி வரவு செலவுத் திட்டத்திலிருந்தே வருகிறது என்பதும் தெரியும். நட்டம் வந்தால் அதை எந்தச் செலவில் கழிப்பீர்கள் என்பதுதான் நான் கேட்டது.

என் மகளும் ஆசிரியைதான். 2024 பிப்ரவரிக்குப் பிறகு சேர்ந்ததால் பென்சன் இல்லை, இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதி மட்டும். அவள் வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது. மழை வந்தால் மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் வாளி வைத்துவிட்டுத்தான் பாடம். வாளியைக் கொட்டப் பிள்ளைகள் முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக எழுதிக் கேட்டும் ஒரே பதில்: ஒதுக்கீடு இல்லை. கடைசியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வசூலில் இறங்கியது. நானும் 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அரசு தந்த பென்சன் அரசுக் கூரைக்கே திரும்பிவிட்டது. முதலீட்டுச் சுழற்சி என்பது இதுதான் போலிருக்கிறது.

பங்கில் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பென்சன் செலவில் அரசுக்குக் கைகொடுக்கத்தானே 2007-இல் சட்டம் போட்டு இந்த நிதியை அமைத்தீர்கள்? சும்மா வைத்திருந்தால் விலைவாசி தின்றுவிடும். இ.பி.எஃப்.பும் பங்கில் போடுகிறது. ஆனால் என் மகளின் வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவு என்று சட்டமே சொல்கிறது. உங்கள் நிதி சறுக்கினால் தாங்கப்போவது வரவு செலவுத் திட்டம். அதாவது, அந்த வாளி.

2011, 2012-இல், பிறகு ஊழல் வழக்கில் அடிபட்ட எஸ்.ஆர்.சி. என்ற அரசு நிறுவனத்துக்கு இதே நிதியிலிருந்து 400 கோடி வெள்ளி போனது. அது பங்கு அல்ல, கடன். அரசாங்க உத்தரவாதத்தோடு கொடுத்த கடன். அப்போதும் எங்களைப் போன்றவர்களிடம் கவலைப்படாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். சரி, விடுங்கள். கோபமாக எழுதாதீர்கள் என்று வீட்டில் சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தார்கள்.

கேட்பது ஒரே ஒரு பக்கம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் அன்று, நிதியில் எவ்வளவு பங்குகளில் இருக்கிறது, உள்நாட்டில் எவ்வளவு, வெளிநாட்டில் எவ்வளவு, லாபமா நட்டமா, விழுந்தால் எந்தச் செலவு வெட்டப்படும், எது வெட்டப்படாது என்று எழுதித் தாருங்கள். தடித்த ஆண்டறிக்கை வேண்டாம். ஓய்வு பெற்ற ஓட்டுநரும் தாதியும் படித்துப் புரிந்துகொள்கிற ஒரு பக்கம். தமிழிலும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த திட்டத்தோடு அந்தப் பக்கத்தை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்