சம்பந்தி வீடு கிளென்டேலில்

அன்புள்ள பாலு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். கோமதிக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் சர்க்கரை எவ்வளவு என்று நீ எழுதவில்லை, அதனால் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். சீனு ஒருவழியாகக் கிரகப்பிரவேசம் செய்துவிட்டான் என்று படித்துச் சிரித்தேன். வாசல் இந்தத் தடவை எந்தத் திசையாம்?

விஷயம் இதுதான். நிலாவுக்குக் கல்யாணம். பையன் அர்மீனியன்.

நீ சொல்லப்போவது எனக்கு இங்கேயே கேட்கிறது. "அரண்மனைக்காரத் தெருவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினோம், கடைசியில அந்தத் தெருவே சம்பந்தம் பேச வந்திருச்சாடா?" ஆர்மீனியன் ஸ்ட்ரீட்தானே நம் ஊர் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆனது. கேண்டீன் நாயர் இருந்திருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார், காசு வாங்கிக்கொண்டு.

பையன் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். தங்கமான பிள்ளை. என் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறான், அதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம். அவன் வீடு கிளென்டேலில், இங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம், எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே மூன்றில் ஒருவர் அர்மீனியர். ஏப்ரல் 24 வந்தால் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. 1915இல் அந்த இரவுதான் ஒட்டோமான் துருக்கி அரசின் ஆட்கள் இஸ்தான்புல்லில் அவர்களுடைய எழுத்தாளர், வாத்தியார், பாதிரியார், வக்கீல் எல்லோரையும் வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் ஊர் ஊராக மக்களைக் கிளப்பி சிரியாப் பாலைவனத்துக்கு நடத்தினார்கள். பத்து லட்சம் பேர் அளவில் செத்தார்கள் என்கிறார்கள் வரலாற்றுக்காரர்கள் பலர். நம் கம்பெனி இருந்த தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இதற்கு ரொம்ப முன்னாடியே வந்த வியாபாரிகள். அந்தக் கதை வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அர்மீனியன். உள்ளே போனால் நம்ம ஊர்தான்! லெபனான் சண்டையில் வந்தவர்கள், 1979க்கு அப்புறம் ஈரானிலிருந்து வந்தவர்கள், சோவியத் ஆட்டம் கண்டபோது அர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து வந்தவர்கள். ஈரான்காரன் 'பார்ஸ்காஹாய்', யெரெவான்காரன் 'ஹயஸ்தான்சி'. ஒருவர் பேச்சை ஒருவர் நக்கல் அடிப்பதும் ஒருவர் சமையலை ஒருவர் மட்டம் தட்டுவதும் தினசரி நடப்பு. எழுத்துக்கூட்டல்கூட இரண்டு. 1922இல் சோவியத்காரர்கள் அதைத் திருத்தினார்கள், வெளிநாடுகளில் சிதறியவர்கள் பழையதை விடமாட்டேன் என்கிறார்கள். நம் பையன் வீட்டில் பேசுவது மேற்கு அர்மீனியன். அதை ஆட்சிமொழியாக வைத்துக்கொள்ள ஒரு நாடு இல்லை. அது பிறந்த ஊர்களெல்லாம் இன்று துருக்கிக்குள். 2010இல் யுனெஸ்கோ அதை அழிந்துகொண்டிருக்கும் மொழிகளோடு சேர்த்துவிட்டது. இதெல்லாம் நான் தேடிப் படித்ததில்லை, பையனின் அம்மா முதல் சந்திப்பிலேயே சொன்னது. நம் பக்கம் எத்தனை பவுன் என்று கேட்கிற நேரத்தில்.

அந்த வீட்டில் எல்லாம் பாட்டிதான். மெட்ஸ்மாமா என்று கூப்பிடுகிறார்கள். எண்பதைத் தாண்டியவள், முதுகு வளையவில்லை. எங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். நாங்கள் சைவம் என்றதும் அவர்கள் தவக்காலத்தில் சாப்பிடும் 'ஈச்' செய்து வைத்திருந்தாள். உடைத்த கோதுமையும் தக்காளியும் எலுமிச்சையும். ஆறிப்போன தக்காளி உப்புமா மாதிரி இருந்தது. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கோமதி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருஷமாக உப்புமா என்றால் முகத்தைத் திருப்புகிறவன் இல்லையா.

காபி வந்தது. பாட்டி நிலாவைப் பார்த்து, பேரனிடம் ஏதோ சொன்னாள். அவன் மொழிபெயர்க்காமல் விழித்தான். நிலாதான் சொன்னாள். அவள் ஏற்கெனவே சனிக்கிழமை வகுப்புக்குப் போய் அந்த மொழி படிக்கிறாளாம், எங்களிடம் மூச்சு விடவில்லை. "வெள்ளைப் படுகொலைன்னு சொல்றாங்கப்பா. வெளியில கல்யாணம் பண்ணி, பிள்ளைங்க மொழி மறந்து, ரத்தம் சிந்தாமலே இனம் கரைஞ்சு போறதுக்கு அப்படிப் பேரு."

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! ஒரு பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, ஊரான் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அவளுக்குப் படுகொலைப் பட்டம் வாங்கிக்கொண்டு வரவா போனோம்? எழுந்திருக்கப் பார்த்தேன். கோமதி தொடையில் கிள்ளினாள். உட்கார்ந்தேன்.

நல்லவேளை உட்கார்ந்தேன், பாலு. ஏனென்றால் அதற்கப்புறம் பாட்டி தன் கதையைச் சொன்னாள். பேரன் ஒரு வரி, நிலா ஒரு வரி என்று சொல்லச் சொல்லக் கேட்டோம்.

அவள் அப்பாவின் ஊர் மூசா தாக், மத்தியதரைக் கடலை ஒட்டிய மலை. 1915இல் ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தபோது ஆறு கிராமத்து ஜனங்களில் பெரும்பகுதி மலைமேல் ஏறிக்கொண்டார்கள். கையில் கிடைத்த துப்பாக்கிகளோடு 53 நாள் தாக்குப்பிடித்தார்கள். பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பார்த்து, 4,000 பேருக்கு மேல் ஏற்றி எகிப்தில் போர்ட் சயீதுக்குக் கொண்டுபோயின. அவள் அப்பா அப்போது சின்னப் பையன். போர் முடிந்து ஊர் திரும்பினார்கள். வீட்டைக் கட்டி, பட்டுப்பூச்சி வளர்த்து, பிள்ளை குட்டி பெற்று நிமிரும்போது 1939இல் அந்த ஜில்லாவையே, அதைக் கையில் வைத்திருந்த பிரான்ஸ் துருக்கிக்குக் கொடுத்துவிட்டது. மறுபடி மூட்டை. லெபனானில் அன்ஜார் என்ற பொட்டல்காட்டில் இறக்கிவிட்டார்கள். முதல் சில வருஷம் மலேரியாவில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பிழைத்தவர்கள் ஊரைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, விட்டுவந்த ஆறு கிராமங்களின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பாட்டி பிறந்தது அங்கே. ஒரே ஒரு கிராமம், வக்கிஃப்லி, எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. துருக்கியில் மிஞ்சியிருக்கும் அர்மீனிய கிராமம் அது ஒன்றுதானாம்.

இன்னொன்றும் சொன்னாள். 1946லிருந்து சில வருஷம் ஸ்டாலின் அரசு, "தாய்நாட்டுக்கு வாருங்கள்" என்று உலகம் முழுக்க இருந்த அர்மீனியர்களைக் கூப்பிட்டது. பெய்ரூத்திலிருந்தும் கப்பல் கப்பலாகப் போனார்கள். அவள் பெரியப்பா குடும்பமும் போனது. கடிதத்தை அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்பதால் ஓர் ஏற்பாடு: அங்கே வாழ்க்கை நன்றாக இருந்தால் நின்றுகொண்டு போட்டோ எடுத்து அனுப்புவது, மோசம் என்றால் உட்கார்ந்துகொண்டு. போட்டோ வந்தது. எல்லோரும் தரையில் படுத்திருந்தார்கள்! வீடே சிரித்தது. பிறகு பையன் என் காதில், "அங்கிள், இந்தக் கதையை எல்லா அர்மீனியப் பாட்டியும் தன் பெரியப்பா கதைன்னுதான் சொல்வாங்க" என்றான். இருக்கட்டும். ஆனால் 1949இல் அப்படிப் போனவர்களில் பல பேரை சைபீரியப் பக்கம் அல்தாய்க்கு நாடு கடத்தினார்களே, அதைச் சொன்னபோது பாட்டி சிரிக்கவில்லை.

2023 செப்டம்பரில் அஜர்பைஜானுக்குள் இருக்கும் கராபாக்கிலிருந்து ஒரே வாரத்தில் அர்மீனியர் லட்சம் பேர் காரிலும் டிராக்டரிலும் வெளியேறினார்களே, பார்த்திருப்பாய். பாட்டி அந்த வாரம் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டாளாம். பார்த்ததையே எத்தனை தடவை பார்ப்பது என்று.

இப்போது சொல், இவளிடம் நான் என்ன கோபப்படுவது? ஜாதி பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் பெரியப்பாக்கள் பேசிய பேச்சை நாம் கேட்டதில்லையா? இது அது இல்லை. அவள் தலை எண்ணுகிறாள். அர்மீனியா நாட்டுக்குள் இருப்பது சுமார் 30 லட்சம் பேர், வெளியே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்கிறார்கள். வெளியே இருப்பவர்களில் யார் வீட்டுப் பிள்ளை அந்த மொழியில் சண்டை போடும், யார் வீட்டுப் பிள்ளை போடாது என்பதுதான் அவள் கணக்கு. அந்தக் கணக்கில் என் பெண் ஒரு கழித்தல் குறி. அப்பன் நான், எனக்கு வலிக்கிறது. அவள் சொல்வதிலும் பொய் இல்லை.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். காரில் எங்களைக் கொண்டுவந்து விடும்போது பையன் சொன்னான்: "ஒரு பொண்ணைப் பிடிச்சுப் போச்சுன்னாகூட நான் 1915க்குப் பதில் சொல்லணும் அங்கிள்." இருபத்தொன்பது வயது. நான் அந்த வயதில் சாந்தி தியேட்டர் டிக்கெட்டுக்குத் தவிர எதற்கும் பதில் சொன்னதில்லை. நீயும்தான்.

சடங்கு இன்னும் முடிவாகவில்லை. அவர்கள் சர்ச்சில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு ஞானஸ்நானம் வேண்டும். கோமதி அந்தப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நிலா இரண்டு பக்கமும் வேண்டாம், பதிவு அலுவலகம் போதும் என்கிறாள். அவர்கள் கல்யாணத்தில் இரண்டு பேர் தலையிலும் கிரீடம் வைப்பார்கள். அதைப் பார்க்க எனக்கு ஆசைதான், வாயைத் திறக்க தைரியம் இல்லை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். கிளம்பும்போது பாட்டி என்னிடம் எந்த ஊர் என்று கேட்டாள். மெட்ராஸ் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "மத்ராஸ்? அஸ்தரார்!" என்றாள். உலகத்திலேயே முதல் அர்மீனியப் பத்திரிகை அது, 1794இல் நம் ஊரில் அச்சானது. ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் நடத்தியிருக்கிறார். அன்ஜார் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த பாடம்! அதற்கும் முன்னால் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்ற மெட்ராஸ் வியாபாரி, இல்லாத நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதி அச்சுப் போட்டிருக்கிறார், முகப்பில் 1773 என்று. சைதாப்பேட்டைப் பாலமும் பரங்கிமலைப் படியும் கட்டிய உஸ்கான் அவர்கள் ஆள்தான் என்பது உனக்குத் தெரியும். அவர் இதயத்தை மட்டும் ஈரானில் ஜுல்ஃபாவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்களாம். நாம் அரண்மனைக்காரத் தெரு அர்மீனிய சர்ச் மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ரம்மி ஆடிய இடத்தில், ஷ்மாவோனியன் படுத்திருக்கிறார்.

பாட்டி அந்தக் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். விமானம் ஏற டாக்டர் விடமாட்டார். அதனால் நீ போ. காலையிலேயே போ, சாயங்காலம் பூட்டியிருக்கும். காவல்காரரைக் கேட்டால் இடம் காட்டுவார். கல்லில் இருப்பது அர்மீனிய எழுத்து, உனக்குத் தலைகால் புரியாது, அதனால் அழகாக எடுக்கிறேன் என்று சாய்க்காமல் நேராக, எழுத்து தெரிகிற மாதிரி எடு. உன் கட்டைவிரல் படத்தில் வேண்டாம். முடிந்தால் மணிக்கூண்டையும் ஒன்று எடு. உன் பேரன் கூட வந்தால் அவனையே எடுக்கச் சொல்லிவிடு, அதுதான் உத்தமம்.

ஆட்டோ காசைக் கணக்கு வைத்துக்கொள். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுக் கழித்துக்கொள்ளலாம். விசாவுக்கு இப்போதே எழுதிப்போடு, அங்கே மாதக்கணக்கில் இழுக்கிறார்கள்.

உன்,
ரங்கன்