செயலாளரின் ஆண்டறிக்கை: நமது கட்டடத்தின் இடிதாங்கியும் எர்த்திங்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீர், குப்பை, காவல் ஆகிய வழக்கமான பணிகள் இவ்வாண்டு தடையின்றி நடைபெற்றன. அவற்றின் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது நமது பதினான்கு மாடிக் கட்டடத்தின் மின்னல் பாதுகாப்பு என்பதால், இவ்வறிக்கை அதைப் பற்றியே அமைகிறது.

சென்ற சித்திரையில் பெய்த கோடை மழையின்போது மேற்கு மூலைக் கைப்பிடிச் சுவரில் மின்னல் தாக்கிக் காரை பெயர்ந்து விழுந்ததையும், இரண்டு லிஃப்ட்களின் கன்ட்ரோல் போர்டுகளும் பல வீடுகளின் மோடங்களும் கருகியதையும் அறிவீர்கள். உச்சியில் இடிதாங்கி இருந்தும் இது எப்படி நேர்ந்தது என்று பலரும் கேட்டீர்கள். விடையின் ஒரு பாதி தரைத்தளத்தில், குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. மின்னலை மண்ணுக்குள் கொண்டுசெல்ல மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை, தரைக்கு ஒரு சாண் மேலே அறுபட்டு நின்றது. நடைபாதைக்கு டைல்ஸ் பதித்தபோது வெட்டியிருக்க வேண்டும். வெட்டுவாயின் மீது சுவருக்கு அடித்த பெயின்டே பூசப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகளில் நாம் ஒருவரும் அங்கே குனிந்து பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

மறுபாதியை, நாம் அமர்த்திய மின்பொறியாளர் மின்னல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 தரநிலையைக் கொண்டு விளக்கினார். நமக்குப் பொருந்தும் மூன்றாம் நிலைப் பாதுகாப்பில், 45 மீட்டர் ஆரமுள்ள உருண்டை ஒன்றைக் கட்டடத்தின் மேல் உருட்டுவதாகக் கொண்டால், அது தொடும் இடமெல்லாம் மின்னலும் தொடக்கூடிய இடம். நடுவில் நின்ற ஒற்றைக் கம்பி மூலைகளைக் காக்கவே இல்லை. ஆகவே கைப்பிடிச் சுவர் நெடுகவும், தளத்தின் குறுக்கே 15 மீட்டருக்கு மிகாத கட்டங்களாகவும் பட்டை பதித்தோம். 120 மீட்டர் சுற்றளவுக்கு, சுமார் 15 மீட்டருக்கு ஒன்றாக எட்டுப் பட்டைகளைக் கீழே இறக்கினோம். மின்னலை முன்கூட்டியே ஈர்க்கும் என்று விற்கப்படும் குமிழ் வடிவக் கருவி ஒன்றே போதும் என்று ஒரு விற்பனையாளர் வற்புறுத்தினார். அவ்வகைக் கருவிக்கு மேற்படி தரநிலையில் தனிச் சலுகை எதுவும் இல்லாததால் மறுத்துவிட்டோம்.

உறுப்பினர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது எர்த்திங் பற்றித்தான். இடிதாங்கியின் எர்த்தை வீட்டு மின்சார எர்த்தோடு சேர்த்தால் மின்னல் வீட்டுக்குள் வந்துவிடும் என்ற அச்சம் இயல்பானதே. ஆயினும் இரண்டும் தனித்தனியே இருந்தால், மின்னல் இறங்கும் கணத்தில் அவற்றுக்கிடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, அதுவே சுவரையும் ஒயரையும் தாண்டிப் பாய்கிறது. எனவே எல்லா எர்த் பிட்களையும் (எர்த் இணைப்பு மண்ணில் இறங்கும் குழிகள்), லிஃப்ட் தண்டவாளங்களையும், இரும்புக் குழாய்களையும் ஒன்றாக இணைத்து, மெயின் போர்டில், திடீரென எழும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான்களைப் பொருத்தினோம். எர்த்தின் மின்தடையை மண் ஈரமாக இருக்கும்போது அளந்தால் எண் குறைவாகக் காட்டும் என்பதால், பங்குனி வெயிலில் என் கண்முன்னே அளக்கச் செய்தேன். 10 ஓம் வரம்புக்குள் 4.2 ஓம் காட்டியது.

ஒவ்வொரு பட்டையிலும் தரைக்கு மேல் சோதனை இணைப்பு ஒன்று உள்ளது. அதன் மீது பெயின்ட் அடிக்கவோ, எர்த் பிட் மூடிகளின் மேல் தொட்டி வைக்கவோ வேண்டாம். மொட்டைமாடியில் சோலார் தகடோ டிஷ் ஆன்டெனாவோ அமைக்க விரும்புவோர், வேலை தொடங்கும் முன் செயலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.