சிம்லா மலையேறும் பழைய ரயில் மோட்டார் கார்களை ஓடவிடுங்கள்

மதிப்பிற்குரிய ரயில்வே வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாரம்பரியத் தடங்களில் ஹைட்ரஜன் ரயில் விடப்போவதாக 2023-இல் அறிவித்தீர்கள். ரயில் ஒன்றுக்கு 80 கோடி ரூபாய், தடம் ஒன்றின் கட்டமைப்புக்கு 70 கோடி என்று கணக்கும் சொன்னீர்கள். அடிவாரத்துக் கால்காவிலிருந்து சிம்லாவுக்கு ஏறும் கால்கா–சிம்லா தடமும் அதில் இருக்கிறது. சரி, புதியது வரட்டும். மலையில் புகை குறைந்தால் நல்லதுதான். ஆனால் அதே தடத்தில் ஓடும் பழைய டீசல் ரயில் மோட்டார் கார்களின் கதி என்ன? அதையும் இப்போதே முடிவு செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மூக்கு நீண்ட பழைய பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஏற்றி வைத்தது போன்ற வண்டிகள் அவை. இங்கிலாந்தின் ட்ரூரி நிறுவனம் 1920களில் கட்டிக்கொடுத்தது. இருக்கைகள் இருபதுகூட இராது. ஓட்டுநர் பார்க்கும் பாதையைப் பயணியும் முன்கண்ணாடி வழியே பார்க்கலாம். 1,143 மீட்டர் நீளமுள்ள பரோக் சுரங்கத்தில், முகப்பு விளக்கில் ஈரச்சுவர் மினுங்க, மறுவாசல் புள்ளியாகத் தோன்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். வேறெந்தப் பெட்டியில் உட்கார்ந்தாலும் இது கிடைக்காது.

இந்த வண்டிகளின் வேலை லேசானதல்ல. 96 கிலோமீட்டரில், சுமார் 650 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏறுகின்றன. செங்குத்தான இடங்களில் 33 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். சிம்லாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத டீசல் இன்ஜினுக்கு, அடிவாரத்தில் கொடுக்கும் அளவு டீசலை அங்கேயும் கொடுத்தால் முழுதாக எரியாது. கரும்புகை கக்கும், இழுவை குறையும். டீசல் பம்பை எந்த அளவில் வைப்பது, இறக்கத்தில் பிரேக் சூடேறாமல் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் பணிமனைக்காரர்களும் ஓட்டுநர்களும் கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் விஷயம். வண்டி நின்றுபோனால் அந்தப் பழக்கமும் அவர்களோடு ஓய்வு பெற்றுவிடும்.

அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. சிம்லாவில் ஏற்கெனவே பாபா பல்கு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. படங்களுக்கும் பழைய கருவிகளுக்கும் அது பொருத்தமான இடம். ஆனால் ஓடாத இன்ஜினில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், குழாய்களில் துரு பிடிக்கும். சில வருடத்தில் மிஞ்சுவது பெயின்ட் அடித்த கூடுதான். யுனெஸ்கோ 2008-இல் இந்தத் தடத்துக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரம் தந்ததற்கு, இது இன்றும் இயங்கும் மலை ரயில் என்பதும் ஒரு காரணம்.

ஆண்டிஸ் மலையில் நடந்ததையும் பாருங்கள். ஈக்வடாரில் ஆட்டோஃபெரோ என்ற ரயில் பஸ்கள் ஓடிய பாதைகளை நடத்திய அரசு நிறுவனத்தையே 2020-இல் கலைக்க உத்தரவு போட்டார்கள். அப்படி ஒரு முறை கலைந்த பணிமனையை மறுபடி கூட்டுவது லேசுப்பட்ட காரியமல்ல.

இன்ஜினை மாற்றவே கூடாது என்று நான் வாதாடவில்லை. பெட்ரோலில் ஓடிய வண்டிகள்தான் பிறகு டீசலுக்கு மாறின. தேவைப்பட்டால் புகை குறைந்த இன்ஜினைப் பொருத்துங்கள். ஆனால் தனி வாடகைக்கு மட்டும் ஒதுக்காமல், சாதாரணப் பயணச்சீட்டில் ஏறக்கூடிய ஒரு நடையை அட்டவணையில் வையுங்கள். உதிரி பாகங்களின் வரைபடங்களைத் தயாரித்து, இளம் பணியாளர்களை மூத்தவர்களோடு இப்போதே சேர்த்துவிடுங்கள். இவற்றுக்கான உத்தரவு, முதல் ஹைட்ரஜன் ரயில் கால்காவுக்கு வருவதற்கு முன்பே வெளியாக வேண்டும்.

இப்படிக்கு,
மலை ரயில்களை நேசிக்கும் ஒரு பயணி