பேத்திக்குப் படப்புத்தகம் வாங்கும் முன்

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.

அன்புள்ள மகளுக்கு,

பேத்திக்கு மூன்று வயது நிறையப்போகிறது என்றும், கொச்சிக் கடைகளில் குவிந்து கிடக்கும் படப்புத்தகங்களில் எதை எடுப்பது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். கடையில் நின்று எழுத்தைப் படிக்காதே. படங்களை மட்டும் பார்த்தபடி கடைசிப் பக்கம் வரை புரட்டு. நீ வாசிக்கும் நேரம் முழுவதும் எழுத்தறியாத அவளுடைய கண் படத்தில்தான் இருக்கும். 'பூனை ஓடியது' என்று வாசகம் சொல்ல, படமும் ஓடுகிற பூனையை மட்டுமே காட்டினால் அவளுக்குத் தேட ஒன்றுமில்லை. வாசகம் சொல்லாமல் விட்ட எலியின் வால் கட்டிலுக்கடியில் தெரிந்தால், விரலை வைத்து உன்னை நிறுத்தி, மீதிக் கதையை அவளே சொல்லத் தொடங்குவாள். அப்படி ஓரிரு இடமாவது இல்லாத புத்தகத்தை, நிறங்கள் எவ்வளவு பளபளத்தாலும், திருப்பி வைத்துவிடு.

வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்வது நம் சித்தூர் வட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. வாசகமே இல்லாத படக்கதை ஒன்று கிடைத்தால், அதையே நீ தமிழிலும் உன் மாமியார் மலையாளத்திலும் சொல்லலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம் தன் படக்கதைகளைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. ஒரே கதை தமிழிலும் மலையாளத்திலும் கிடைத்தால் இரண்டையும் வாங்கு. விலை குறைவாக வேண்டுமானால் நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசையையும், காயங்குளத்தில் பிறந்த கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957இல் டில்லியில் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டின் நூல்களையும் பார். தாரா பதிப்பகம் கையால் அச்சிட்டு வெளியிடும், மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் வரைந்த நூல்கள் மிக அழகானவை. ஆனால் அவற்றைப் பத்திரமாகப் புரட்டும் வயது வரட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம்தான் என்றாலும், இரு பக்கம் விரிய வரைந்த படம் கைபேசித் திரையில் சுருங்கிப்போகிறது.

கட்டமைப்பையும் கவனி. நடுவில் கம்பி அடித்த மெல்லிய புத்தகம் விரித்தால் தட்டையாகக் கிடக்கும். முதுகில் பசை ஒட்டியதில் இருபக்கப் படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் மறைந்துவிடும். பக்கங்களே தடித்த அட்டையாக இருக்கும் கைக்குழந்தைப் புத்தகம் இனி அவளுக்குத் தேவையில்லை.

பனைமரமும் ஏர்மாடும் உள்ள படம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். பனிக்கரடியும் அவளுக்கு வேண்டியதுதான். ஆனால் நீ எடுத்த எல்லாப் புத்தகங்களிலும் வீடு என்றால் புகைபோக்கி வைத்த வீடாகவே இருந்தால், ஒன்றையாவது மாற்றிக்கொள்.

எத்தனை வாங்குவது என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்கு மூன்று போதும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்க அவளுக்கு அலுக்காது, உனக்குத்தான் அலுக்கும். ஆகையால் உனக்கும் பிடித்த படங்களாகப் பார்த்து எடு.

அன்புடன்,
அப்பா