கதிருக்குப் பக்கத்தில் ஒரு குச்சி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி பால்கனிக்கு, பக்கத்துக் காலி மனையின் சீமைக்கருவேலத்திலிருந்து தானியம் தின்னும் சின்னஞ்சிறு சில்லைப் பறவைகள் வருகின்றன என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். வெள்ளிச் சாம்பல் அலகோடு வெளிர்பழுப்பாக இருப்பது வெண்தொண்டைச் சில்லை. மார்பு முழுக்கச் செதில் போட்டது போல இருப்பது புள்ளிச் சில்லை. சிட்டுக்குருவியும் வந்திருக்கிறது.

ஆனால் எல்லாப் படத்திலும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பச்சை பிளாஸ்டிக் தட்டுதான். குருவி அதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது. "கேமரா போதவில்லையா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். கேமராவில் ஒரு குறையும் இல்லை, பாப்பா. அந்த 300 மி.மீ. லென்ஸ் தாராளமாகப் போதும். மாற்ற வேண்டியது தட்டை.

கார் அறுவடை முடிந்ததும் அம்பை 16 ரக நெற்கதிரில் இரண்டு பிடி எடுத்து, தாளோடு கொத்தாகக் கட்டி பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். நம் வீட்டு நிலைப்படிக்கு மேலே ஆச்சி தொங்கவிடுவாளே, அதே கட்டுதான். தட்டில் நொய்யைப் போட்டால் புறாக் கூட்டம் இறங்கிவிடும்; புறா உட்கார்ந்த இடத்தில் சில்லைக்கு இடமில்லை. தொங்கும் கதிரில் புறாவால் கால் ஊன்ற முடியாது. சில்லையோ தாளைப் பற்றிக்கொண்டு தலைகீழாகக்கூடத் தின்னும். ஒரு நெல்லை உருவி, அலகுக்குள் உருட்டி, உமியை ஓரமாகத் தள்ளும். அரிசி உள்ளே போன பிறகும் ஒரு துண்டு உமி அலகின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த உமி தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு.

இனி முக்கியமான விஷயம். கதிரிலிருந்து ஓர் அடி தள்ளி, பென்சில் கனத்தில் காய்ந்த குச்சி ஒன்றைக் கம்பியில் கட்டு. கருவேலங்குச்சியே நல்லது. எந்தச் சிறு பறவையும் நேராகத் தீனிக்குப் பாயாது. அருகில் உட்கார்ந்து, வல்லூறு இருக்கிறதா, பூனை இருக்கிறதா என்று தலையை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தாவும். நீ படம் எடுக்க வேண்டிய நேரம் அதுதான். உடம்பு நிமிர்ந்திருக்கும், கண்ணில் வெளிச்சம் விழும், விரல்கள் குச்சியைச் சுற்றிப் பிடித்திருப்பது தெரியும். குச்சியில் முன்னதாகவே ஃபோகஸ் வைத்துக் காத்திரு. வந்ததும் கண்ணுக்கு மாற்று. ஆண் சிட்டுக்குருவிக்குக் கண்ணைச் சுற்றிலும் கறுப்பு. அதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் முகமே செத்துவிடும்.

குச்சிக்குப் பின்னால் எதிர்வீட்டுச் சுவர் வரக்கூடாது. தூரத்து மரங்கள் வரும்படி நீ இரண்டடி நகர்ந்து நில். பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கரைந்துபோகும். பால்கனிக் கம்பி குறுக்கே வந்தால் லென்ஸை அதை ஒட்டினாற்போல வை, கம்பி மறைந்துவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார். உன் பால்கனி கிழக்குப் பார்த்தது. அதனால் காலை வெயிலில் உனக்கு எதிரே இருக்கும் பறவை இருண்டுதான் போகும். ஓரத்துக்கு வந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடு. வானம் பின்னால் வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டு. வெண்தொண்டைச் சில்லையின் வெள்ளைப் பிட்டத்தில் வெயில் பட்டால் கொஞ்சம் குறை.

ஷட்டர் வேகம் 1/1000-க்குக் கீழே போக வேண்டாம். தாவும்போது பிடிக்க 1/2500 வேண்டும். மழை மூடினால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200 வரை தயங்காமல் ஏற்று. புள்ளி விழுந்த படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை என்ன செய்வது? ஒரே விதிவிலக்கு, குஞ்சு இறக்கையைச் சிலிர்த்துத் தாயிடம் தீனி கேட்கும் நேரம். அப்போது 1/250-க்கு இறக்கு. முகம் தெளிவாக நிற்க, இறக்கை மட்டும் நடுங்குவது படத்தில் விழும்.

ஃபிளாஷ் வேண்டாம். போனில் குரலை ஒலிபரப்பி வரவழைக்கவும் வேண்டாம். கூட்டை ஒருபோதும் எடுக்காதே. நீ நின்ற இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். இவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படத்துக்காகத் தீனி வைக்கிறோம் என்றால் வந்து போகிறவற்றின் பாதுகாப்பு நம் பொறுப்பு. நல்ல படத்துக்கும் இதுதான் வழி. பயந்த பறவை உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிம்மதியான பறவைதான் இறகைக் கோதும், சோம்பல் முறிக்கும், ஜோடியோடு தோள் உரச உட்காரும்.

ஆகவே கதிர் நனைந்து பூஞ்சை பிடித்தால் அன்றைக்கே கழற்றி எறி. கீழே சிந்தியதைத் தினமும் கூட்டு. எச்சமும் ஈரத் தானியமும் சேர்ந்தால் ஒரு நோய்ப் பறவையிலிருந்து மற்றவற்றுக்குத் தொற்றும். மண் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வை, தினமும் மாற்று. கொசுவுக்கும் அதுவே பரிகாரம். கதிரைக் கண்ணாடிக் கதவிலிருந்து மூன்றடிக்குள் கட்டு. மிரண்டு எழும்பினாலும் மோதிச் சாகும் அளவுக்கு வேகம் எடுக்கப் பறவைக்கு இடம் இருக்காது. தொட்டிச் செடிக்குப் பூச்சி மருந்து அடிக்காதே. பெரிய குருவி தானியம் தின்னும். கூட்டிலிருக்கும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் வேண்டும்.

ஆண் குருவியின் தொண்டை சாம்பல் பூத்தாற்போல இருக்கிறதே, நோயா என்று கேட்டாய். இல்லை. இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது கறுப்பு இறகுகளின் நுனி வெளுத்திருக்கும். அந்த நுனி தேயத் தேயக் கறுப்பு வெளியே வரும். அதே குருவியை மாதம் ஒரு முறை அதே குச்சியில் எடுத்து வரிசையாக வைத்தால், சாயம் எதுவும் ஏறாமலேயே தொண்டை கறுப்பதைப் பார்க்கலாம். அரிய பறவை தேடி அலைகிறவர்களுக்கு இந்தப் பொறுமை வருவதில்லை என்பது என் எண்ணம். 1912-இல் நம் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். அவர் படங்களில் விலங்கும் பறவையும் ஏதோ ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கும். நிறம் இல்லாத குறை எனக்கு அவற்றில் தோன்றியதே இல்லை. சில்லையும் குருவியும் பழுப்புதானே என்று நீ சலிக்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மெமரி கார்டை அப்படியே கொண்டு வா. வெட்டித் திருத்தியதை மட்டும் கொண்டு வராதே. அந்த நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 2015-இலிருந்து நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணி, இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும். கிளம்பும் நாள் காலையில் உன் பால்கனியில் ஒரு பட்டியல் போடு; இங்கே வாய்க்கால் கரையில் நாம் இருவரும் ஒன்று போடுவோம்.

பார்சல் வந்ததும் போன் செய். கதிரை இரவில் உள்ளே எடுத்து வை, எலி ஏறும்.

அன்புடன்,
அப்பா
அம்பாசமுத்திரம்