வீடு பார்க்குமுன் மாடி ஏறு

அன்பு மகளுக்கு,

புது ஊரில் வீடு தேடப்போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன் ஒருநாள் ஊரை மேலேயிருந்து பார்த்துவிடு, அம்மா. இருப்பதிலேயே உயரமான கோபுரம் வேண்டாம். 450 மீட்டரிலிருந்து பார்த்தால் கீழே போகிற ஆள் முழுநிலாவில் பாதி அளவுகூடத் தெரியமாட்டான், ஊர் பொம்மையாகிவிடும். 100 மீட்டர், அதாவது முப்பது மாடி போதும். மறைப்பு இல்லாவிட்டால் அங்கிருந்தே அடிவானம் 35 கிலோமீட்டருக்கு விரியும்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போ, தூசி அடங்கியிருக்கும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் நிழல் நீண்டு, எது உயரம் எது குட்டை என்று பிரிந்து தெரியும். கண்ணாடி வழியாகப் படமெடுப்பதானால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துப்பட்டாவால் மூடு. இல்லாவிட்டால் உன் முகம்தான் படத்தில் விழும்.

முதலில் தண்டவாளத்தைத் தேடு. ரயிலால் சட்டென்று திரும்ப முடியாது. அதனால் அது நீண்ட வளைவாக ஊரை அறுத்துக்கொண்டு போகும். அதைத் தாண்ட எத்தனை பாலம், எத்தனை சுரங்கப்பாதை என்று எண்ணிக்கொள். அரை கிலோமீட்டரில் தெரிகிற அலுவலகம், பாலத்தைச் சுற்றினால் மூன்று கிலோமீட்டர் ஆகலாம். அப்புறம், நேர்நேரான தெருக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் காரணமே இல்லாமல் வளையும். பழைய ஓடையோ, ஏரிக்கரையோ, கோட்டைச் சுவரோ இருந்த தடமாக இருக்கலாம். ஓடையை மூடினாலும் பள்ளம் பள்ளம்தான். விசாரிக்காமல் அங்கே தரைத்தளத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதே.

மேலேயிருந்து பார்க்கிற கண் ஏமாறவும் செய்யும். தரையின் ஏற்ற இறக்கம் தெரியாது, இரைச்சல் தெரியாது, தூரம் சுருங்கிவிடும். பிரேசில் நாட்டின் தலைநகரான பிரேசிலியாவுக்கு 1957இல் லூசியோ கோஸ்டா என்ற கட்டடக் கலைஞர் போட்ட திட்டம் வானத்திலிருந்து பார்த்தால் சிறகு விரித்த விமானம், அவ்வளவு அழகு. தரையில் கார் இல்லாதவர் பாடு திண்டாட்டம்.

ஆகவே இறங்கியதும் அந்த வளைந்த தெருவுக்கு நடந்தே போ. பலசரக்குக் கடைக்காரரிடம் மழைத் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேள். சுவரின் அடியில் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்றும் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா