எல்கைப் பந்தய விழாக் குழுவுக்கு: பரிசுப் பட்டியலோடு ஆள் பட்டியலும் போடுங்கள்

விழாக் குழுத் தலைவர் பெரியப்பாவுக்கும், வசூல் பார்க்கிற மாமாக்களுக்கும், ராத்திரி பகலாக ஓடி வேலை செய்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

மார்கழி பாதி ஓடிவிட்டது. தை கடைசி ஞாயிறு நம் ஊர் எல்கைப் பந்தயம், அதாவது மாட்டு வண்டி, குதிரை வண்டிப் பந்தயம் என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது, பார்த்தேன். பெரிய மாட்டுக்கு எவ்வளவு, நடு மாட்டுக்கு எவ்வளவு, கரிச்சான் மாட்டுக்கு எவ்வளவு, குதிரைக்கு எவ்வளவு, யார் உபயம், எல்லாம் இருக்கிறது. போய்வர எட்டு மைல் ரோட்டில் அன்றைக்கு யார் எந்த இடத்தில் நிற்பார்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நேரில் சொன்னால் டீக்கடைப் பேச்சோடு போய்விடும், அதனால் ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

போன வருஷம் குளத்துமேட்டு வளைவில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நடு மாடு எல்லை தொட்டுத் திரும்பி வருகிற நேரம். இரண்டு வண்டி ஒட்டி வருகிறது, பின்னால் முப்பது நாற்பது பைக், ஹாரன் சத்தத்தில் சாரதி போடுகிற அதட்டல்கூடக் கேட்கவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் போனில் படம் எடுக்க ரோட்டுக்குள் ஒரே ஒரு அடி வைத்தான். மாடு அவனைத் தொடவே இல்லை, விலகித்தான் போனது. சக்கரக் குடம் தொடையில் அடித்தது. 108 வண்டி பிள்ளையார் கோயிலிடம் நின்றது, அங்கிருந்து கிளம்பியும் பைக் கூட்டத்தைத் தாண்டி வர முடியவில்லை. கடைசியில் யார் வீட்டுக் கயிற்றுக் கட்டிலையோ எடுத்து, அவனைப் படுக்க வைத்து, கதிர் சாய்ந்து கிடந்த சம்பா வயல் வரப்பில் நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்து ரோட்டுக்குப் போய், அங்கே ஒரு லோடு ஆட்டோ பிடித்து மன்னார்குடிக்குக் கொண்டுபோனோம். அவன் இப்போது நடக்கிறான், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான்.

யார் தப்பு என்று கேட்க வரவில்லை. அந்த வளைவுக்கு இவர்தான் பொறுப்பு என்று சொல்ல நம்மிடம் ஒரு பெயர் இல்லை, எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அதுதான்.

நான் சிங்கப்பூரில் எட்டு வருஷம் இருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே பார்முலா ஒன் கார் பந்தயத்துக்குத் தடுப்புக் கட்டுகிற வேலையில் இருந்தது நிறையப் பேருக்குத் தெரியாது. சிங்கப்பூர் சின்னத் தீவு, நம் திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். அதற்குள் 2008 செப்டம்பரில் ராத்திரியில் விளக்குப் போட்டுப் பந்தயம் நடத்தினார்கள், பார்முலா ஒன்னில் அதுதான் முதல் ராத்திரிப் பந்தயம். தனியாக மைதானம் கிடையாது, தினமும் பஸ்ஸும் டாக்சியும் ஓடுகிற ரோடுதான். பதாங் மைதானத்தை ஒட்டி, ஆண்டர்சன் பாலம் மேலே, எஸ்பிளனேட் பக்கமாக, ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர், நான் இருந்த காலத்தில் 61 சுற்று. நம் ஊர்ப் பந்தயமும் பஸ் போகிற ரோட்டில்தானே நடக்கிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

மாதக் கணக்கில் முன்னாடியே வேலை தொடங்கிவிடும். கான்கிரீட் கட்டையை வரிசையாக இறக்கி, அதன் மேல் கம்பி வலை நட்டு, கேலரி கட்டி, பாதி வேலை ராத்திரியில்தான், பகலில் ரோடு ஓட வேண்டுமே. எங்கள் கூட்டத்தில் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆட்கள் இருந்தார்கள், பங்களாதேஷ்காரர்கள் இருந்தார்கள். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு நாளும் டூல்பாக்ஸ் மீட்டிங். இன்றைக்கு யார் எங்கே, யார் வரவில்லை, தண்ணீர் எங்கே இருக்கிறது, அடிபட்டால் யாருக்குப் போன், இதையெல்லாம் தினமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் வாக்கி டாக்கியில் ‘கேட் ஒன்’ (கேட்டகரி ஒன்) என்று ஒரு குரல், அவ்வளவுதான், வெளியில் இருக்கிற அத்தனை பேரும் இறங்கி உள்ளே போய்விட வேண்டும். அரை போல்ட் பாக்கி இருக்கிறதே என்று யாரும் மேலே நிற்கக் கூடாது.

பந்தயத்தன்று ரோட்டோரம் ஆரஞ்சு உடுப்பில் கொடியோடு நிற்பவர்களை மார்ஷல் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. ஆபீஸ் வேலைக்காரர்கள், படிக்கிற பிள்ளைகள், பயிற்சி எடுத்துக்கொண்டு லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ஒரு நாள் ஒத்திகையின்போது பக்கத்தில் நின்று கவனித்தேன். ஒரே இடத்தில் இரண்டு பேர், கிட்டத்தட்ட முதுகோடு முதுகு. ஒருவர் வருகிற வண்டியைப் பார்க்கிறார், இன்னொருவர் தாண்டிப் போன வண்டியைப் பார்க்கிறார். முன்னால் ஏதாவது ஆனால் மஞ்சள் கொடி, வருகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு என்றால் பந்தயமே நிற்கிறது. முதல் சுற்றில் எல்லாக் கார்களுக்கும் பின்னால் டாக்டரோடு ஒரு மருத்துவ கார் போகும். வேறு வண்டி எதுவும் கூடவே வராது.

அத்தனை கட்டுப்பாடு இருந்தும் 2015 பந்தயத்தில் ஒரு ஆள் வேலி தாண்டி உள்ளே போய், கார்கள் பறந்துகொண்டிருக்கும்போதே ரோட்டோரம் நடந்தார். உடனே பந்தயக் கார்களுக்கு முன்னால் பாதுகாப்பு காரை விட்டு வேகத்தை அடக்கினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த ஆளுக்கு ஆறு வாரம் ஜெயில். ஆள் உள்ளே வருவான், எந்த ஊரிலும் வருவான். வந்ததும் பார்க்க ஒரு கண்ணும் காட்ட ஒரு கொடியும் அங்கே இருந்தது. நம்மிடம் இல்லை.

சரி, நம் ரோட்டுக்கு வருவோம். போன வாரம் சைக்கிளில் போய் எண்ணிப் பார்த்தேன். மதகு நாலு, குறுக்கு ரோடு மூன்று, வளைவு இரண்டு, எல்லையில் டிரம் வைக்கிற இடம் ஒன்று. பத்து இடம். இடத்துக்குக் காலை முறைக்கு இரண்டு பேர், பதினோரு மணிக்கு மேல் அடுத்த முறைக்கு வேறு இரண்டு பேர், மொத்தம் நாற்பது பேர். நம் கபடி டீமில் மட்டும் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். மகளிர் குழு அக்காக்களைக் கேளுங்கள், குறுக்கு ரோட்டில் அவர்கள் நின்று ‘தம்பி, உள்ள போ’ என்று சொன்னால் எந்தப் பையனும் எதிர்த்துப் பேச மாட்டான். ஆளுக்கு ஒரு விசில், இடத்துக்கு ஒரு மஞ்சள் துணி ஒரு சிவப்புத் துணி. முதல் நாள் சாயங்காலம் நாற்பது பேரையும் ரோட்டில் நடக்க வைத்து அவரவர் இடத்தைக் காட்டுங்கள். சாரதிகளுக்கும் பின்சாரதிகளுக்கும் துணியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், சிவப்புப் பார்த்தும் ஓட்டினால் பரிசு கிடையாது என்று.

பைக் கூடவே கூடாது. சொந்தக்காரர் மாடு ஓடுகிறது, நான் பின்னால் போகத்தான் செய்வேன் என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வண்டிகளுக்குப் பின்னால் ஒரே ஒரு ஜீப், அதில் ஒரு டாக்டர், ஒரு கால்நடை மருத்துவர், முதலுதவிப் பெட்டி. வேறு எதுவும் ரோட்டில் இறங்கக் கூடாது என்று பெரியப்பா, நீங்கள் மைக்கில் சொன்னால்தான் கேட்பார்கள்.

அப்புறம் நெல். தை கடைசியில் பாதி ரோட்டில் நெல் காயும். காலை நாலு மணிக்குப் போய் அள்ளு அள்ளு என்று விரட்டினால் அந்த வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சொல்லி, பள்ளிக்கூட மைதானத்தில் இடம் ஒதுக்கி, தார்ப்பாய் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். கொள்முதல் நிலையத்து லாரிகள் அன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்றும் பேசிவிடுங்கள். கூட்டம் இறங்கி மிதித்த வயலுக்குப் போன வருஷம் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் இரண்டு வயல்காரர்களிடம் பேசினேன், ரொம்ப வருத்தத்தில் இருக்கிறார்கள்.

வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர்ப் பக்கம் ஓடிவிட்டு, அப்படியே ஊர் ஊராகப் போய்விட்டு நம்மிடம் வருகிறார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தேனி என்று எங்கிருந்தோ முதல் நாள் ராத்திரியே மாட்டை ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். போன வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் எங்கள் வீட்டு வாசலில் காலி வாளியோடு நின்றார். பருத்திக்கொட்டை அரைத்து வைத்திருக்கிறார், கரைக்கத் தண்ணீர் இல்லை. மாட்டை ஒரு கையால் தடவிக்கொண்டே கூச்சத்தோடு கேட்டார். நம் ஊருக்கு விருந்தாளியாக வந்தவர் ராத்திரியில் தண்ணீருக்குக் கதவைத் தட்டலாமா? ஒரு தண்ணீர் டேங்க், நாலு கட்டு வைக்கோல், விளக்கு, பள்ளிக்கூடத்துக் கழிவறைச் சாவி. இவ்வளவுதான் கேட்கிறேன்.

நிற்கிற பிள்ளைகளுக்குச் சாப்பாடு. போன வருஷம் காலை ஐந்து மணிக்கு வந்த பையன்களுக்குப் பத்து மணிவரை டீகூடப் போகவில்லை, அப்புறம் அவன் எப்படி அங்கேயே நிற்பான்? பெரிய மாட்டு முதல் பரிசில் பத்தாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள், நாற்பது பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, விசில், துணி எல்லாம் அதற்குள் முடியும். பரிசு குறைந்தால் நல்ல மாடு வராது என்று ஒரு பேச்சு வரும். தண்ணீரும் நிழலும் நல்ல ரோடும் இருக்கிற ஊருக்கு மாட்டுக்காரர்கள் வருவார்கள், நான் நாலைந்து பேரிடம் கேட்டே சொல்கிறேன்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து நம் ரோட்டில் வண்டி ஓடாமல் கிடந்த வருஷங்கள் ஞாபகம் இருக்கும். தாத்தா ஒருத்தர் காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டு பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மறுபடி ஓட ஆரம்பித்த பந்தயம் ஒரு பையன் உயிரால் நின்றுபோகக் கூடாது.

வருகிற ஞாயிறு சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் குழு கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். நோட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன். குளத்துமேட்டு வளைவு, காலை முறை, முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் அந்தப் பையனுடைய அப்பா. நேற்று அவரே வீட்டுக்கு வந்து எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.